முறைப்பாட்டுக்குப் பதில் சொல்பவர் யார்? உள்ளூராட்சி வரலாறு தரும் படிப்பினை



ஒழுங்கையில் தெருவிளக்கு எரிவதில்லை. வடிகான் அடைபட்டு மழைநீர் வீட்டு வாசல்வரை வருகின்றது. குப்பை ஏற்றும் வண்டி வாரக்கணக்கில் வரவில்லை. இத்தகைய குறைகளைப் பேசாத ஊர் எமது நாட்டில் இல்லை எனலாம். ஆயினும் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் பேசப்படும் குறை வேறு. உரியவரின் மேசைக்கு எழுத்தில் சென்றடையும் முறைப்பாடு வேறு. முன்னையது காற்றோடு போய்விடும். பின்னையதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதே இலங்கையின் உள்ளூராட்சி வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்த வினாவாகும்.

பண்டைய சிங்களக் கிராமங்களில் ‘கம்சபா’ எனும் கிராம சபை இயங்கியது. குளத்து நீரைப் பங்கிடுதல், வயல் எல்லை, பயிரழிவு போன்ற பிணக்குகளை ஊர்ப் பெரியோர் கூடியிருந்து விசாரித்துத் தீர்த்தனர். முறையிடுபவரும் அதனைக் கேட்பவரும் ஒரே குளத்தின் நீரைப் பாவித்தவர்கள். எனவே தீர்ப்பைத் தாமதிப்பதால் இருவருக்குமே நட்டம். 1832ஆம் ஆண்டு பிரித்தானியர் இராஜகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய ஊழியத்திலிருந்து மக்கள் விடுபட்டது நன்மையே. ஆனால் குளத்தையும் வாய்க்காலையும் கூட்டாகப் பேணும் கடமையை வலியுறுத்துவதற்கு இருந்த அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. இதனை உணர்ந்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராம சபைகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

நகரங்களின் கதை வேறு விதமானது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் உருவாகின. வரி அறவிடவும், வீதி, வடிகான், துப்புரவு ஆகியவற்றைக் கவனிக்கவும் அச்சபைகளுக்கு அதிகாரம் கிடைத்தது. எனினும் கொழும்பு மாநகர சபையின் தலைமை 1937 வரை அரச அதிகாரியின் கையிலேயே இருந்தது. அவ்வாண்டில்தான் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தெரிவுசெய்யப்பட்ட முதலாவது மேயரானார். எழுபது வருடங்களுக்கும் மேலாக, வரி செலுத்தியவருக்கு முறையிடும் வழி இருந்தது. ஆனால் சபையின் தலைவரைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ வழி இருக்கவில்லை. அத்தகைய முறைப்பாடு வேண்டுகோளேயன்றி வேறில்லை.

1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தபின் நிலைமை படிப்படியாக மாறியது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில், இன்னாரிடம் சென்று கேட்கலாம் என்று ஊரார் அறிந்திருந்தனர். 1970களின் பிற்பகுதியில் விகிதாசாரத் தேர்தல் முறை புகுத்தப்பட்டபோது வட்டார உறுப்பினர் என்ற அந்தத் தனிப் பொறுப்பு மறைந்தது. எல்லோரும் எல்லோருக்கும் உறுப்பினர் என்றானபின், எவரும் குறிப்பாக எவருக்கும் பொறுப்பில்லை என்ற நிலை ஏற்பட்டது. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. மக்களின் வாசலுக்கு மிக அருகில் இருந்த சபை தொலைவுக்குச் சென்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அக்குறையை ஓரளவு நீக்கியது. ஆனால் அச்சபைகளுக்கான முதலாவது தேர்தல் 1991இலேயே நடைபெற்றது. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கின் பல சபைகள், தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றி விசேட ஆணையாளர்களால் நடத்தப்பட்டன. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் வட்டார முறை கலப்பு வடிவில் மீண்டும் வந்தது. அச்சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றபின், 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் எவரும் சபைகளில் இருக்கவில்லை.

பதில் சொல்பவர் இல்லாத முறைப்பாட்டின் கதி என்ன என்பதற்கு மீதொட்டமுல்ல சாட்சியாகும். கொழும்பு மாநகர சபை சேகரித்த குப்பை, அயலிலுள்ள கொலன்னாவை நகர சபைப் பிரதேசத்தில் கொட்டப்பட்டது. 2009இன் பின்னர் அந்த மேடு வேகமாக உயர்ந்தது. அதன் அடிவாரத்தில் வாழ்ந்த மக்கள் வருடக்கணக்காக முறையிட்டனர்; வீதியில் இறங்கிப் போராடினர். ஆனால் குப்பையைக் கொட்டிய சபைக்கு அவர்கள் வாக்களிப்போர் அல்லர். அவர்கள் வாக்களித்த சபையோ குப்பைக்கு உரிமையாளர் அன்று. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அம்மேடு சரிந்து வீடுகள் மேல் வீழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது எவரும் அறியாத ஆபத்து அன்று. மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட ஆபத்து. இதனைச் சிந்தித்துப் பாருங்கள்.

முறைப்பாடு வரும்வரை காத்திராத ஒரு பதவியை இஸ்லாமிய வரலாற்றில் காண்கின்றோம். அதுவே ‘முஹ்தஸிப்’ எனும் பதவி. பக்தாதில் வாழ்ந்து 1058ஆம் ஆண்டில் மறைந்த இமாம் அல்மாவர்தீ, தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ எனும் நூலில் இப்பதவியின் கடமைகளை விரிவாக எழுதியுள்ளார். காழி தம்மிடம் கொண்டுவரப்படும் வழக்கையே விசாரிப்பார். முஹ்தஸிபோ எவரும் முறையிடாவிட்டாலும் தாமே சென்று பார்க்கக் கடமைப்பட்டவர். ஊரின் நீர் வழங்கல் பழுதடைந்தால் அதனைப் பொது நிதியிலிருந்து திருத்தப் பணிக்க வேண்டும். நிதி இல்லையெனில் வசதி படைத்தோர் முன்வர வேண்டும் என்றும் அந்நூல் கூறுகின்றது. இங்கு பொறுப்பு முதலில் ஆட்சிக்கு, அடுத்து ஊருக்கு.

எமது நாட்டின் சட்டமும் இன்று முறையிடுபவரை வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. பொதுத் தொல்லையை அகற்றுமாறு கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரமளிக்கின்றது. ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் செயல்வடிவம் பெற்றது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் பொதுமக்கள் அவரிடம் நேரடியாக முறையிட வழி திறந்தது. ஆனால் அவர் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த இயலாது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளையும் கட்டுப்படுத்துகின்றது. “எமது வீதிக்கு இவ்வருடம் ஒதுக்கிய பணம் எவ்வளவு? எமது கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை யாது?” என்று எழுத்தில் கேட்டால், தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, முறையிடுமுன் அது எவருடைய பொறுப்பு என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், வேறு சில மாகாணத்துக்கும், ஊரின் உள்வீதிகள் உள்ளூராட்சிச் சபைக்கும் உரியவை. இதனை அறியாது எழுதிய கடிதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து காலாவதியாகிவிடும். இடத்தையும் திகதியையும் தெளிவாகக் குறித்து, அயலவர்களின் கையொப்பத்துடன், தவிசாளருக்கோ மேயருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வட்டார உறுப்பினருக்கும், தேவையெனில் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் பிரதியிடுங்கள். பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிடின் அவையே அடுத்த படிக்கு உங்கள் சான்றுகள்.

நாம் வடிகானில் கொட்டும் குப்பைக்கு நாமே பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. அதேவேளை, சபை செய்ய வேண்டியதைச் சபையிடம் கேட்பது பகைமையும் அன்று, இரந்து நிற்பதும் அன்று. மீதொட்டமுல்ல மக்கள் கேட்டது சலுகையை அல்ல. தம் உயிருக்கான பாதுகாப்பை. அவர்களுக்குக் கிடைக்காத பதில், அடுத்த ஊருக்காவது உரிய வேளையில் கிடைக்க வேண்டும். அதற்கு, கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் எவரென்பதும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.