பூட்டைச் சோதிக்க வந்தவர்

போன ஞாயிறு வீட்டில் ‘ஓஷன்ஸ் லெவன்’ (2001) ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கருவியை வைத்து லாஸ் வேகஸின் கரண்ட்டையே அணைத்துவிட்டு கேசினோ பெட்டகத்தைக் காலி செய்கிற படம். “இதெல்லாம் நிஜமா நடக்குமாப்பா?” என்றான் பையன். பேங்க்காரனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள் :-)

நடந்திருக்கிறது. ஆனால் கரண்ட்டும் போகவில்லை, பெட்டகத்தையும் யாரும் தொடவில்லை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1931 முதல் சூதாட்டம் சட்டப்படியான தொழில். கேசினோக்கள் ஆட்டக்காரர்களை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள அங்கே அரசாங்க வாரியம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அதில் புரோகிராமராக இருந்தவர் ரொனால்ட் டேல் ஹாரிஸ். ஆட்ட மெஷின்களின் மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் வேலை. நம் பாஷையில் சொன்னால் ஆடிட்டர். அந்த வேலைக்காக மெஷின்களின் மூல நிரல் அவர் கைக்கு வரும்.

அதை வைத்தே சில ஸ்லாட் மெஷின்களை மாற்றினார். இன்ன வரிசையில் இத்தனை காசு போட்டால் பரிசு கொட்டும். மற்றவர்களுக்கு அது சாதாரண மெஷின். 1993 முதல் 1995 வரை இப்படி ஓடியது. கூட்டாளி போய் ஆடுவார், ஹாரிஸ் மறுநாள் வழக்கம்போல ஆபீஸ் போவார்.

பிறகு ஆசை கீனோ பக்கம் திரும்பியது. 80 எண்களில் 20 விழும் ஆட்டம் அது. எட்டு எண் குறித்து எட்டும் விழ 2,30,115-இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சோழி குலுக்கிப் போடத் தெரியாது. ஓர் ஆரம்ப எண்ணை எடுத்து, சூத்திரத்தில் போட்டு, அடுத்தடுத்த எண்ணைக் கணக்குப் பண்ணுகிறது. சூத்திரமும் ஆரம்பமும் தெரிந்தவனுக்கு அது அதிர்ஷ்டமே இல்லை, வட்டிக் கணக்கு மாதிரி. வரப்போகும் எண்களை முன்கூட்டியே சொல்ல ஒரு புரோகிராம் எழுதினார் ஹாரிஸ்.

1995 ஜனவரியில் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் கூட்டாளிக்கு 1,00,000 டாலர் விழுந்தது. லட்சம் டாலர் விழுந்த ஆள் குதிக்க வேண்டாமா? அவரோ அமைதியாக நின்று ரொக்கமாகக் கொடுங்கள் என்றார். கேசினோக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது, அரசு அதிகாரிகளைக் கூப்பிட்டார்கள். நூல் பிடித்துப் போனால் மறுமுனையில் ஹாரிஸ்! ஏழு வருடத் தண்டனை, இரண்டு வருடத்தில் வெளியே வந்துவிட்டார். நெவாடா கேசினோக்களுக்குள் நுழையக்கூடாதவர்கள் பட்டியலிலும் பெயர் ஏறியது.

எனக்கு உறைத்தது அந்த ஊர்தான். நெவாடாவில் அவர் நல்ல பெயர் அவருக்குக் காவல். பிடிபட்டது, அவரை யாருக்கும் தெரியாத வேறொரு மாநிலத்தில்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். புனேவுக்கு வருமுன் ஒரு கிளையில் நான் செக்கர். ஒருவர் என்ட்ரி போட, மற்றவர் சரிபார்த்து பாஸ் செய்ய வேண்டும். என்ட்ரி போட்டவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர். அவர் வவுச்சரை நான் முழுசாகப் படித்ததே இல்லை. சாரைப் போய் சந்தேகப்படுவதா? ஒருநாள் ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டி, “தம்பி, இந்தப் பணத்தை நான் எடுக்கலியே” என்றார். பாஸ் செய்த ஐடி என்னுடையது. பெரியவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. எனக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது.

பையனிடம் ஹாரிஸ் கதையை மட்டும்தான் சொன்னேன். “அப்போ அவரை யாருப்பா செக் பண்ணணும்?” என்று கேட்டுவிட்டுப் படத்துக்குத் திரும்பிவிட்டான்.

நாளை எங்கள் கிளையில் ஆடிட். வருகிறவர் என் பழைய பேட்ச்மேட். அடுத்த பதிவு கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.