ஒரு முடிச்சும் ரெண்டு பேரும்

மரம் வெட்டறவங்களைத் தெரியும். மரத்துக்கு வைத்தியம் பாக்கறவங்களைத் தெரியுமா மக்களே? பட்டுப்போன கிளையைக் கழிச்சு மரத்தைக் காப்பாத்தற வேலை. மேலைநாடுகள்ல இது தனித் தொழில். கால்ல இரும்பு முள் கட்டிக்கிட்டு சரசரன்னு ஏறிடலாம்தான். ஆனா அது பட்டையைக் குத்திக் கிழிக்கும். பிழைக்க வேண்டிய மரத்துல கூடாது. கயிறும் இடுப்புப் பட்டையும்தான் கதி.

அந்தக் கயித்துல உயிரைப் பிடிச்சு வைக்கறது ஒரு முடிச்சு. கையால தள்ளினா நகரும், உடம்புக் கனம் விழுந்தா இறுகும். ரொம்ப நாளா புழக்கத்துல இருந்த முடிச்சுல ஒரு வில்லங்கம்: வேலை நடுவுல மெல்ல உருண்டு அவிழப் பாக்கும். வால்ல இன்னொரு முடிச்சு போட்டுத்தான் தப்பிச்சாங்க. (நினைச்சாலே எனக்கு அடிவயிறு கலங்குது :))

1994-ல ஜேசன் பிளேக், 'ஆர்பர் ஏஜ்' பத்திரிகைக்கு ஒரு புது முடிச்சைப் பத்திக் கடிதம் எழுதினார். மரம் ஏறறவங்க கப்புன்னு பிடிச்சுக்கிட்டாங்க. பேரும் 'பிளேக்ஸ் ஹிட்ச்' ஆயிடுச்சு.

ஆனா ஹைன்ஸ் புரோஹாஸ்கா அதே முடிச்சை 1981-லயே ஆஸ்திரிய மலை வழிகாட்டிகளோட பத்திரிகையில எழுதிட்டார்! 1990-ல குகைக்குள்ள இறங்கறவங்க பத்திரிகையிலும் வந்துச்சு. பிளேக் திருடலை, அவரும் தானாத்தான் கண்டுபிடிச்சார். மலைக்காரங்க படிக்கறதை மரக்காரங்க படிக்கலை, அவ்ளோதான். இருந்தாலும் என் ஓட்டு புரோஹாஸ்காவுக்கே. பதிமூணு வருஷம் முந்தினவராச்சே!