தொகுப்பாளரின் தீர்மானமும் கணினியின் விதியும்: தன்னியக்கக் காட்சிமாற்றத் தெரிவும் காப்புரிமை ஆய்வின் வரலாறும்

முன்னுரை

திரைப்படத்தில் ஒரு காட்சி முடிந்து மறுகாட்சி தொடங்கும் இடம் மிகச் சிறியது. பெரும்பாலும் ஓரிரு நொடிகளுக்குள் அடங்கிவிடுவது. அவ்விடத்தில் நேர்வெட்டு வேண்டுமா, முன்காட்சி கரைந்து பின்காட்சி தோன்றவேண்டுமா, திரை இருண்டு மீண்டும் ஒளிபெறவேண்டுமா, ஒரு காட்சி மற்றொன்றைத் துடைத்துக்கொண்டு நகரவேண்டுமா என்று தீர்மானிப்பது படத்தொகுப்பாளரின் பணியாகும். இத்தீர்மானம் நெடுங்காலம் கையாலும் கண்ணாலும் செவியாலும் பயிலப்பட்டு, ஆசிரியரிடமிருந்து உதவியாளருக்கு வாய்மொழியாகவே சென்றுவந்தது. கணினி இத்தெரிவைத் தானே செய்யத் தொடங்கியபோது, அதற்குரிய நெறி 'புதுக்கண்டுபிடிப்பு' என்னும் பெயரில் காப்புரிமை அலுவலகத்தை அடைந்தது.

இக்கட்டுரையில் காப்புரிமை என்பது புதுக்கண்டுபிடிப்பிற்கு அரசு குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கும் தனியுரிமையைக் குறிக்கும். நூலுக்கும் இசைக்கும் உரிய பதிப்புரிமையைக் குறிக்காது. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய நிலப்பரப்புகளில் இத்தகைய விண்ணப்பங்களை ஆராயும் முறை வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துக் காண்கிறது. இவ்வாய்வின் கடுமையான சிக்கல் கணினியில் இல்லை. கலைஞரின் எழுதப்படாத அறிவை எவ்வாறு சான்றாக்குவது என்பதிலேயே உள்ளது என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

காட்சிமாற்ற உத்திகள்: கைவினையிலிருந்து எண்வரிசைக்கு

பிரெஞ்சுத் திரைக்கலைஞர் ஜார்ஜ் மெலியே 1899இல் உருவாக்கிய 'சிண்ட்ரெல்லா' படத்தில், காட்சிகளை இணைக்க டிஸால்வ் எனப்படும் கரைவு உத்தி பயன்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் இவ்வுத்திகள் படக்கருவியின் உள்ளேயே, படச்சுருளைப் பின்னோக்கிச் சுழற்றி இருமுறை ஒளிபடச் செய்து உருவாக்கப்பட்டன. பின்னர் ஆப்டிகல் பிரிண்டர் என்னும் கருவி வந்தபின் இப்பணி படப்பிடிப்புத் தளத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு மாறியது. தொலைக்காட்சியில் ஸ்விட்சர் கருவிகள் பெருகியபோது பொத்தானை அழுத்தியே காட்சியை மாற்ற இயன்றது. கருவி மாறினும், எந்த உத்தி எங்குப் பொருந்தும் என்ற தெரிவு மனிதரிடமே இருந்தது.

இவ்வரலாற்றின் திருப்புமுனை எண்ணிடலாகும். அமெரிக்கத் திரை, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் 258எம் என்னும் 1993ஆம் ஆண்டுத் தரநிலை, தொகுப்பு முடிவுப் பட்டியலில் துடைப்பு வகைகளைக் குறியெண்களால் சுட்ட வழிவகுத்தது. 2001இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட ஸ்மில் 2.0 பரிந்துரை, தன் காட்சிமாற்றப் பகுப்பை இத்தரநிலையின்மேல் அமைத்துக்கொண்டது. உத்திகளுக்கு எண்கள் அமைந்தபின் அவை கணினி தெரிந்தெடுக்கக்கூடிய பட்டியலாயின. இதே காலப்பகுதியில், காணொளியில் வெட்டும் கரைவும் எங்கு நிகழ்கின்றன என்பதைக் கணினி கொண்டு கண்டறியும் ஆய்வுகளும் வெளிவரலாயின. ஒரு மாற்றத்தை இனங்காணும் கணினியை, மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் இவற்றின் இயல்பான தொடர்ச்சியே எனலாம்.

இத்தகைய முறையின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. அடுத்தடுத்த இரு காட்சித்துண்டுகளின் நிறப்பரவல், ஒளியளவு, அசைவின் திசை, உடனொலிக்கும் இசையின் தாளம் ஆகியவற்றைக் கணினி அளவிடும். நிறங்கள் நெருங்கியிருப்பின் கரைவு, அசைவு ஒரே திசையிலிருப்பின் அத்திசையில் துடைப்பு, தாளம் விரைவாயின் நேர்வெட்டு என விதிகள் வகுக்கப்படும். இவ்விதிகளுள் பல, தொகுப்பாளர் அறைகளில் முன்பே வழங்கிவந்த நடைமுறையின் மறுவடிவம் என்பது நோக்கத்தக்கது.

ஆய்வரின் வினாக்கள்

காப்புரிமை ஆய்வர் விண்ணப்பத்தின் உரிமைக்கோரல்களை எடுத்துக்கொண்டு சில அடிப்படை வினாக்களை எழுப்புகிறார். இது காப்புரிமைக்குரிய பொருள்தானா? புதியதா? அத்துறை வல்லார்க்கு எளிதில் புலப்படக்கூடியதா? பிறர் செய்துபார்க்கும் அளவிற்கு விளக்கப்பட்டுள்ளதா? இரண்டாம், மூன்றாம் வினாக்களுக்கு விடைகாண, விண்ணப்ப நாளுக்கு முன்னர் உலகில் இருந்த அறிவை அவர் தேடவேண்டும். அத்தேடலுக்குத் துணையாவது, 1971ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் உடன்பாட்டின்வழி அமைந்த பன்னாட்டுக் காப்புரிமைப் பகுப்பாகும். காட்சிமாற்றத் தெரிவு போன்ற பொருள் இப்பகுப்பில் ஒரே இடத்தில் அடங்குவதில்லை; பதிவுகளைத் தொகுத்தல் இயற்பியல் பிரிவிலும், படச் சிறப்பு விளைவுகள் மின்னியல் பிரிவிலும் அமைகின்றன.

ஆய்வர் பெரிதும் தேடுவது ஆவணங்களையே. முந்தைய காப்புரிமைகள், ஆய்விதழ்கள், கையேடுகள் ஆகியன அவருக்குக் கிட்டும். தொகுப்பாளர் ஒருவர் தம் உதவியாளருக்குக் கூறிய அறிவுரை கிட்டாது. மனிதர் செய்துவந்ததைக் கருவி செய்யுமாறு அமைத்தல் மட்டுமே போதாது என்னும் கருத்து பழையது. வெனர் வழக்கில் 1958இல் அமெரிக்கச் சுங்க, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம், கையால் செய்யும் செயலின் அதே பயனைத் தன்னியக்க முறையால் பெறுவது மட்டும் முன்னைய அறிவிலிருந்து வேறுபடுத்தப் போதாது என்றது. ஆயினும் இந்நெறியைப் பயன்படுத்துவதற்கு, கையால் செய்த செயல் இன்னது என முதலில் காட்டியாக வேண்டும்.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லைகள்

முதல் வினாவாகிய பொருள்தகுதி பற்றிய வழக்குகளே வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. எண்முறை மாற்றத்திற்கான நெறி ஒன்றை 1972இல் பென்சன் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் மறுத்தது. 1981இல் டீர் வழக்கில், ரப்பரைப் பதப்படுத்தும் செயல்முறையில் கணினி பயன்பட்டதை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஏற்றது. 2014இல் ஆலிஸ் வழக்கில், அருவமான கருத்தொன்றைக் கணினியில் செயற்படுத்துவதால் மட்டும் அது காப்புரிமைக்குரியதாகாது எனத் தீர்ப்பளித்தது.

ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை 1973இலேயே கணித முறைகள், அழகியல் படைப்புகள், கணினி நிரல்கள் ஆகியவற்றை அவற்றின் தன்னளவில் விலக்கிவைத்தது. எனினும் 1986இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் விகாம் வழக்கில், மின்குறிகையாகச் சேமிக்கப்பட்ட படத்தைச் செம்மைப்படுத்தும் முறை கணிதத்தைப் பயன்படுத்தினும் தொழில்நுட்பச் செயலே என்றது. 2002இல் காம்விக் வழக்கில் அவ்வாரியம் மற்றொரு நுட்பத்தை வகுத்தது. தொழில்நுட்பமும் அல்லாததும் கலந்த கண்டுபிடிப்பில், தொழில்நுட்பத் தன்மைக்குப் பங்களிக்கும் கூறுகளே புத்தாக்கத்தை அளவிடும்போது கருதப்படும். இதனைக் காட்சிமாற்றத்திற்குப் பொருத்தினால், 'இவ்விடத்தில் கரைவு இனிமையாயிருக்கும்' என்பது பொறியாளருக்குத் தரப்படும் கலைத்தேவையாகவே எஞ்சும். அதனை நிறைவேற்றும் அளவீட்டு முறையில் புதுமை இருந்தாலன்றி விண்ணப்பம் தேறாது.

உதடசைவு வழக்கு

கலைஞரின் தெரிவை விதியாக்குதல் பற்றிய நேரடியான தீர்ப்பு, உயிரூட்டுப் படத்துறையிலிருந்து வந்த மெக்ரோ வழக்கில் கிடைக்கிறது. கதைமாந்தரின் பேச்சொலிக்கேற்ப உதட்டசைவையும் முகபாவத்தையும் கணினியே அமைக்கும் முறைக்கு 2001, 2003ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. ஒரு வாய்வடிவிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது, எவ்வாறு மாறுவது என்பதே அங்கும் வினா. முன்னர் உயிரூட்டுக் கலைஞர் திரையைப் பார்த்துப் பார்த்து முக்கியச் சட்டகங்களைக் கையால் அமைத்துவந்தார். உரிமைக்கோரல்கள் அருவக் கருத்தையே சுட்டுகின்றன எனக் கருதி, விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிரான அவ்வழக்கில் கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றம் 2014இல் காப்புரிமைகளைச் செல்லாதவையாக்கியது.

2016 செப்டம்பரில் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கலைஞர்கள் தங்கள் அகநிலை மதிப்பீட்டால் இயங்கினர். காப்புரிமையோ ஒலியன்களின் வரிசையையும் காலத்தையும் கொண்டு இயங்கும் குறிப்பான விதிகளைக் கூறியது. எனவே கணினி கலைஞரின் வழியை அப்படியே பின்பற்றவில்லை என்பது அதன் வாதம். இத்தீர்ப்பு பொருள்தகுதியை மட்டுமே பற்றியது, புதுமையைப் பற்றியதன்று. ஆயினும் அதன் உட்பொருள் ஆழமானது. விதியாக எழுதப்படாத திறமை, விதியாக எழுதப்பட்டதோடு ஒன்றாகக் கருதப்படவில்லை. 2020இல் அதே நீதிமன்றம், பிரதிவாதிகளின் விளையாட்டுகள் காப்புரிமையை மீறவில்லை என்ற முடிவை உறுதிசெய்தது. உரிமையைக் காத்த அதே குறிப்பான தன்மை, உரிமையின் எல்லையையும் குறுக்கிவிட்டது.

ஒரு கருவி, இரு முடிவுகள்

முன்னைய அறிவின் சான்று எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் குவான்டெல் வழக்குகள் புலப்படுத்துகின்றன. பிரித்தானிய நிறுவனமாகிய குவான்டெல், தொலைக்காட்சி வரைகலைக்கான 'பெயின்ட்பாக்ஸ்' கருவியை 1981இல் அறிமுகப்படுத்தியது. அதன் காப்புரிமைகளை வைத்து ஸ்பேஸ்வர்டு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 1990இல் இங்கிலாந்தில் வென்றது. பின்னர் அமெரிக்காவில் அடோபியின் போட்டோஷாப் மென்பொருளுக்கு எதிராக வழக்குத் தொடுத்து 1997இல் தோற்றது. அங்கு முதன்மையான சான்றாக நின்றவர் ஆல்வி ரே ஸ்மித். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஓவிய நிரல், பெயின்ட்பாக்ஸிற்கு முற்பட்டது.

ஒரே கருவியின் காப்புரிமைகள் ஒரு நாட்டில் நிலைத்து மறுநாட்டில் வீழ்ந்தமைக்கு இரு நாட்டுச் சட்ட வேறுபாடுகளுக்கும் பங்குண்டு. எனினும், தாம் செய்ததை நினைவில் வைத்து அவைமுன் எடுத்துரைக்கும் ஒருவர் இருந்ததன் பயன் இங்குத் தெளிவாகிறது. நிரல் எழுதியவருக்கு வாய்த்த இவ்வாய்ப்பு, கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் கொண்டு பணியாற்றிய தொகுப்பாளர்க்கு அரிதாகவே வாய்க்கும். அவர் செய்த தெரிவு படத்தில் தெரியும். தெரிவுக்கான காரணம் தெரியாது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டு 1972இல் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றாம் பிரிவில் சேர்த்த உட்பிரிவுகள் இப்பொருளுக்கு நெருக்கமானவை. உட்பிரிவு 'கே' கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், படிமுறை ஆகியவற்றை விலக்குகிறது. உட்பிரிவு 'எல்' அழகியல் படைப்புகளை விலக்குமிடத்துத் திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தயாரிப்பையும் பெயர்சுட்டியே கூறுகிறது. உட்பிரிவு 'எம்' மனச்செயலுக்கான திட்டத்தையும் விதியையும், உட்பிரிவு 'என்' தகவலை முன்வைத்தலையும் விலக்குகின்றன. தன்னியக்கக் காட்சிமாற்றத் தெரிவு இந்நான்கு வேலிகளையும் உரசிச் செல்லும் பொருளாகும்.

2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் விலக்கிலிருந்து விடுதலை அளித்தது. நாடாளுமன்றம் 2005இல் நிறைவேற்றிய சட்டத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. ஆய்வர்க்கான வழிகாட்டு நெறிகள் 2015 ஆகஸ்டில் வெளியாகி, அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு, 2016இலும் 2017இலும் திருத்தி வெளியிடப்பட்டன. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவையோ பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்பு, கணினி நிரலைச் சார்ந்திருப்பதால் மட்டும் காப்புரிமையை இழக்காது என்று கூறியது. இதனால் ஆய்வின் சுமை பொருள்தகுதியிலிருந்து மெல்ல நகர்ந்து, புதுமை, புத்தாக்கம் என்னும் வினாக்களின்மேல் விழுகிறது. அவ்வினாக்களோ ஆவணத்தைக் கேட்பவை.

முடிவுரை

எழுதப்படாத அறிவு ஆய்வரின் கண்ணுக்குத் தப்புவது திரைத்துறைக்கு மட்டும் உரிய நிலையன்று. மஞ்சளைப் புண்ணாற்றப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டியபின் 1997இல் அது நீக்கப்பட்டது. பாட்டியின் கைப்பழக்கம் தடுக்காததை அச்சேறிய சான்று தடுத்தது. இப்பட்டறிவின் விளைவாக 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகத்தில், தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் காப்புரிமை ஆய்வர் படிக்கும் மொழிகளில் இடம்பெற்றன. 2007 ஜூனில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் நியூயார்க் சட்டப் பள்ளியுடன் இணைந்து தொடங்கிய 'பியர் டு பேடன்ட்' சோதனைத் திட்டம், பொதுமக்கள் முன்னைய அறிவின் சான்றுகளை ஆய்வருக்கு அனுப்ப இடமளித்தது. இந்தியச் சட்டத்திலும் காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம்.

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, கலைத்தெரிவு எண்ணும் விதியுமாக மாறிய பின்னரே அது காப்புரிமைப் பொருளாக முடிந்தது. இரண்டாவது, பொது அளவில் கூறப்பட்ட தன்னியக்கம் தோற்கவும், குறிப்பான விதி நிலைக்கவும் நேர்ந்தது. மூன்றாவது, பழைய கைத்திறத்தைப் புதிய கண்டுபிடிப்பென யாரேனும் கோரும்போது, அதனை மறுக்கும் ஆற்றல் அத்திறத்தைப் பதிந்துவைத்தோரிடமே உள்ளது. தொகுப்பாளர்களின் குறிப்பேடுகள், நேர்காணல்கள், தொகுப்பு முடிவுப் பட்டியல்கள் ஆகியவற்றைத் திரை வரலாற்றின் துணைச்சான்றுகளாக மட்டும் கருதுதல் போதாது. அவை ஒரு தொழிலின் பொதுவுடைமைக்கு உரிய ஆவணங்களாகும். அவற்றைத் தொகுத்து, நாள் குறித்து, சொற்பொருள் விளக்கத்துடன் பேணுவது மொழித்துறைகளும் திரைத்துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.