எலியட் லேக்: 32 வருடம் ஒழுகிய கூரை

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்கே எலியட் லேக் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1950களில் யுரேனியம் சுரங்கங்களுக்காகவே உருவான ஊர். 1980-ல் அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. பெயர் அல்கோ சென்டர் மால். கடைகள், ஓட்டல், அரசு அலுவலகங்கள், பிற்பாடு ஊர்ப் பொது நூலகம் என்று எல்லாமே ஒரே கூரையின் கீழ். கட்டிய இடம் சரிவான நிலம் என்பதால், மொட்டை மாடியையே கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்!

தட்டையான கூரை என்றாலே தண்ணீர் வடிவது மெதுவாகத்தான். அதன் மேல் கார்களும் ஓடினால், முழுப் பரப்புக்கும் ஒரே போர்வை போல நீர்த்தடுப்புச் சவ்வு போட்டே ஆக வேண்டும். இங்கே அப்படிச் செய்யவில்லை. உள்ளே நீளவாக்கில் துளைகள் கொண்ட ப்ரீகாஸ்ட் கான்கிரீட் பலகைகளை இரும்பு உத்திரங்கள் மேல் அடுக்கி, அதற்கு மேல் ஒரு கான்கிரீட் தளம் போட்டு, இடுக்குகளை மட்டும் பசை வைத்து அடைத்தார்கள். கான்கிரீட் பனியில் சுருங்கும், வெயிலில் விரியும். பசை எத்தனை நாள் தாங்கும்? முதல் வருடமே ஒழுக ஆரம்பித்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். ஒழுகிய இடுக்கை அடைப்பது, அடுத்த மழைக்கு வேறு இடத்தில் ஒழுகுவது, அதையும் அடைப்பது. கீழே வாளிகள், தார்ப்பாய்கள். நூலகத்தில் புத்தகங்களைப் பாதுகாக்கவே தனிப்பாடு. ஊர்க்காரர்கள் அந்த மாலுக்கு 'அல்கோ அருவி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். சிரித்துப் பழகிய விஷயத்தைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

ஒரு கூரையைப் பழுது பார்த்தால் போதுமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா என்பதை அந்தக் கூரையே சொல்லிவிடும். ஒரு இடத்தில் ஒழுகி, அதைச் சரி செய்த பிறகு அடுத்த மழைக் காலத்திலும் காய்ந்தே இருந்தால் அது பழுது. அடைக்க அடைக்க வேறு வேறு இடத்தில் ஒழுகினால், அங்கே போனது ஒரு இடுக்கு அல்ல, நீர்த்தடுப்பு மொத்தமும் போய்விட்டது என்று அர்த்தம். அல்கோவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பலகையின் துளைக்குள் இறங்கிய தண்ணீர் உள்ளேயே ஓடி, சம்பந்தமில்லாத இடத்தில் சொட்டும். சொட்டுக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. சொட்டும் தண்ணீரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். வெள்ளையாகப் படிந்தால் கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பு கரைகிறது. பழுப்பாக வழிந்தால் உள்ளே இரும்பு கரைகிறது. அந்த நிலைக்குப் பிறகு பசை வாளியோடு மாடிக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. தொங்கு கூரையைக் கழற்றி, மேலே மறைந்திருக்கும் உத்திரங்களின் இணைப்புகளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

முழு மாடிக்கும் சவ்வு போட வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்லாமல் இல்லை. செலவுதான் தடுத்தது. கட்டிய நிறுவனம் 1999-ல் மாலை விற்றது. வாங்கியது ஊரில் ஓய்வுபெற்றோருக்கு வீடுகள் ஏற்பாடு செய்துவந்த ஒரு அமைப்பு. (சுரங்கங்கள் 1990களில் மூடப்பட்ட பிறகு ஊரைக் காப்பாற்றியதே ஓய்வுபெற்று வந்து குடியேறியவர்கள்தான்.) அவர்களும் 2005-ல் மூன்றாவது ஆளிடம் விற்றார்கள். கட்டிடம் கை மாறியது, ஒழுகலும் கூடவே போனது.

இதற்கிடையே குளிர்காலம்தோறும் கார்கள் சாலையில் தூவிய உப்பைச் சக்கரங்களோடு மாடிக்குக் கொண்டுவந்தன. உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும் வேகம் தெரிந்ததுதானே. பின்னால் ஆராய்ந்த நிபுணர்கள், இந்த அரிப்பு கடலோரக் கட்டிடத்தில் காணக்கூடிய அரிப்பு என்றார்கள். எலியட் லேக்கிலிருந்து கடலுக்கு எத்தனையோ நூறு கிலோமீட்டர்!

2012 ஜூன் 23, சனிக்கிழமை மதியம் இரண்டே கால் மணி சுமாருக்கு, உத்திரத்தைத் தூணோடு சேர்த்த ஒரு வெல்டிங் அறுந்தது. மாடியின் ஒரு பகுதி அப்படியே கீழே, லாட்டரிச் சீட்டுக் கடை இருந்த இடத்தில் விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள், பலருக்குக் காயம். மிச்சமும் சரியும் என்ற பயத்தில் மீட்புப் பணியை இரண்டு நாளில் நிறுத்தினார்கள். இடிபாட்டுக்குள் யாராவது உயிரோடு இருக்கலாமே என்று ஊரே கொதித்தெழுந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். உடல்கள் புதன்கிழமைதான் கிடைத்தன.

மாகாண அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையர் பால் பெலாஞ்சேயின் அறிக்கை 2014 அக்டோபரில் வந்தது. உரிமையாளர்கள், பொறியாளர்கள், நகர நிர்வாகம், மாகாண அதிகாரிகள் என்று யாரையும் அது விடவில்லை. கூரை ஒழுகுவது இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒழுகலைத் துடைக்க வேண்டிய ஈரமாகப் பார்த்தார்களே தவிர, இரும்புக்கு வந்த ஆபத்தாகப் பார்க்கவில்லை. மால் இடிவதற்குச் சில வாரங்கள் முன்புகூட ஒரு பொறியாளர் வந்து, கண்ணால் பார்த்துவிட்டு, கட்டிடம் உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தார். அவர் மீது வழக்கு நடந்தது. 2017-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.