சுவர்க்கோழிப் பண்ணை

கபிலர் என்றதும் பாரியின் தேரும் முல்லைக் கொடியும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. புறநானூற்றின் 119-வது பாட்டைப் பார்த்தால் வேறொரு சமாசாரம் கிடைக்கும். கார்மழை பெய்ததும் செம்புற்றிலிருந்து புறப்படும் ஈசலை மோரில் புளிக்கச் சமைப்பதைப் பாரி நாட்டு வளங்களில் ஒன்றாகவே அவர் சொல்கிறார். முகம் சுளிக்கும் வாசகர்கள் கபிலரைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அகநானூற்று 394-ம் பாட்டு இன்னும் விஸ்தாரமானது. ஆட்டுத் தயிர், வரகரிசி, ஈசல் மூன்றும் சேர்ந்த சூடான புளிஞ்சோற்றின்மேல் பசு வெண்ணெய் உருகுகிறது. இந்த விருந்து, தலைவனோடு வரும் இளைஞர்களுக்கு. தலைவனுக்கு மட்டும் பாற்சோறு! பூச்சி உணவு ஒரு படி தாழ்ந்தது என்ற எண்ணம் அன்றே தலையெடுத்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

ஈசலை யாரும் வளர்க்கவில்லை. மழை விட்ட அந்தியில் புற்றருகே விளக்கை வைத்துப் பிடிப்பார்கள். சிறகு உதிர்த்து, வறுத்து, அரிசிப் பொரியோடு கலந்து தின்பார்கள். புற்று மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உலகமெங்கும் பூச்சி தின்ற ஜனங்களின் கதை பெரும்பாலும் இதுதான். பட்டுப்புழுவையும் தேனீயையும் தவிர மற்றவற்றைப் பிடித்தார்களே தவிர வளர்க்கவில்லை.

வளர்ப்பது பெருந்தொழிலானது தாய்லாந்தில். அந்நாட்டின் வடகிழக்கு வறண்ட பூமி. அங்குள்ளவர்களுக்குப் பூச்சி பழகிய உணவு. 1978-ல் சோளக்கொல்லைகளில் வெட்டுக்கிளி பெருகியது. மருந்து தெளித்தும் அடங்கவில்லை. பிடித்துத் தின்னுங்கள் என்று சர்க்காரே பிரசாரம் செய்தது. பிற்பாடு வெட்டுக்கிளிக்காகவே சோளம் விதைத்தவர்களும் உண்டாம்! பயிரைத் தின்ற பூச்சியே பயிராகிவிட்டது.

பிறகு 1998-ல் கோன்கேன் சர்வகலாசாலைக்காரர்கள் சுவர்க்கோழி வளர்க்கும் முறையைக் குடியானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய வித்தையொன்றும் இல்லை. கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்று, உள்ளே ஒளிந்துகொள்ள முட்டை அடுக்கும் அட்டைகள், மேலே வலை, முட்டையிட ஒரு தட்டு, அவ்வளவுதான். சுமார் ஒன்றரை மாதத்தில் அறுவடை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் வெளியிட்ட கணக்கில் பண்ணைகள் இருபதாயிரம். விளைச்சல் வருஷத்துக்குச் சராசரி 7,500 டன்.

அதே ஸ்தாபனம் அந்த வருஷத்தில் இன்னொரு கணக்கும் சொன்னது. ஒரு கிலோ எடை கூட மாட்டுக்கு எட்டு கிலோ தீவனம் வேண்டும். பூச்சிக்குச் சராசரியாக இரண்டு கிலோ போதும். உடம்பைச் சூடாக வைத்திருக்கப் பூச்சி இரையைச் செலவழிப்பதில்லை அல்லவா? புரதப் பஞ்சத்துக்கு இதுவே மருந்து என்று சிலர் உற்சாகப்பட்டது இதனால்தான்.

எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. அந்த இரண்டு கிலோ எது என்று கேட்க வேண்டாமா? சுவர்க்கோழிக்குப் போட்டது பெரும்பாலும் நிஜக் கோழியின் தீவனம். சோயாவும் மக்காச்சோளமும் கலந்து கடையில் விற்பது. ஈசலுக்குக் கபிலர் காலத்தில் யாரும் தீவனம் வாங்கவில்லை. மட்கிய மரத்தைத் தின்று அது தானே வளர்ந்தது. வளர்ப்பு என்று வந்ததும் கடைக்காரன் பாக்கியும் கூடவே வந்துவிடுகிறது. தாய்லாந்துக் குடியானவன் அதையும் யோசித்திருக்கிறான். அறுவடைக்குச் சில நாள் முன்பு தீவனத்தை நிறுத்திவிட்டு, பூசணிக்காயும் மரவள்ளி இலையும் போட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டான்.