அடுப்பங்கரையும் அங்காடியும்

சிங்கப்பூரில் உணவு வணிகர் பலர் ஒரே கூரையின்கீழ் கூடி விற்கும் இடத்தை ‘உணவங்காடி நிலையம்’ என்று தமிழில் வழங்குகின்றனர். அத்தொடரிலுள்ள ‘அங்காடி’ சங்க காலம் தொட்டு வழங்கிவரும் சொல்லாகும். பகலில் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிக்கும். அப்பம் சுட்டு விற்றவர்களைக் ‘கூவியர்’ என்று பெரும்பாணாற்றுப்படையும் சிலப்பதிகாரமும் சுட்டுகின்றன. ஆகவே உணவு வணிகம் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. உணவை விலையின்றிப் பகிர்வதை அறமாகப் போற்றிய மரபும் அவர்களுடையதே. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார்.

விற்கும் பண்டமும் பகிரும் பண்டமும் பல வேளைகளில் ஒரே அடுப்பில் வெந்தவையே. எனினும் சட்டம் அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. அவற்றிடையே ஒரு கோடு வரையப்பட வேண்டிய தேவை ஏன் எழுந்தது, அக்கோட்டின் இருபுறமும் நின்றவர் யாவர் என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறு தக்க சான்று தருகிறது.

தலைச்சுமையும் ஐந்தடியும்

1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்த பின்னர்த் தமிழர் பலர் இங்கு வந்து சேர்ந்தனர். தொடக்கத்தில் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். குடும்பத்தைத் தாயகத்தில் விட்டு வந்த அவர்களுக்குச் சமைத்துப் போட வீட்டில் எவருமில்லை. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் பகலெல்லாம் உழைத்தவர்களுக்குக் குறைந்த விலையில் வயிற்றை நிரப்பியவை தெருவோர உணவும் சாப்பாட்டுக் கடைகளுமே.

சிராங்கூன் சாலை வட்டாரம் அக்காலத்தில் மாட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயர் அவ்விடத்துக்கு வழங்கியது. பசுவும் எருமையும் வளர்த்த தமிழர் பாலைக் கறந்து வீடு வீடாகச் சென்று ஊற்றினர். 1936-ஆம் ஆண்டில் நகராட்சி விதிகளின்படி அங்கிருந்த மாட்டுக் கொட்டில்கள் அகற்றப்பட்டன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் மட்டும் அத்தொழிலின் எச்சமாக நிலைத்துவிட்டன. வீட்டை ஒட்டி நடந்த ஓர் உணவுத் தொழில், நகரம் வளர வளரச் சுகாதாரத்தின் பெயரால் இடம்பெயர்ந்ததற்கு இது முற்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

பால்காரரைப் போலவே பிற உணவு வணிகரும் மக்களிடையே நடமாடினர். இடியப்பத்தைக் கூடையிலே அடுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு சென்றவர்கள் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து வாழையிலையில் வைத்து விற்றனர். மலாயர் அதனைப் ‘புட்டு மாயம்’ என்று அழைத்தனர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு வகைகளைத் தாள் கூம்பில் நிரப்பித் தந்த கச்சான் பூத்தே வணிகரும் தமிழரே. மலேசியாவின் ஈப்போவை அடுத்த புந்தோங்கில் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து குடியேறியவர்களின் வழியினர் அதனைக் குடும்பத் தொழிலாகவே வளர்த்தனர்.

தெருவில் தெரிந்தது விற்பவரின் கையும் குரலும் மட்டுமே. அரிசியை ஊறவைத்தல், மாவிடித்தல், பிழிதல், வேகவைத்தல், வறுத்தல் ஆகிய வேலைகளிற் பெரும்பகுதி விடியுமுன் வீட்டிலேயே முடிந்துவிடும். குடும்பங்கள் இங்கே நிலைபெற்ற பின்னர் அவ்வேலைகளில் மனைவியும் மக்களும் பங்கு கொண்டனர். கணவர் சுமந்து விற்ற கூடையை நிரப்பிய கை பல வீடுகளில் மனைவியுடையதாக இருந்தது. அடுப்பங்கரையே அங்காடியின் பின்கட்டாக விளங்கியது எனலாம்.

நகராட்சியின் கவலை

தெருவோர உணவு ஏழைகளின் பசியைத் தீர்த்தது. சில வேளைகளில் நோயையும் பரப்பியது. குழாய் நீரோ கழிவுநீர்க் கால்வாயோ இல்லாத இடத்தில் ஒரே வாளித் தண்ணீரில் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழுவினால் வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவும் என்பதை மருத்துவத் துறையினர் அறிந்திருந்தனர். வணிகர் சாலையை அடைத்து நிற்பதும் ஐந்தடி எனப்படும் கடைமுன் நடைபாதையில் பண்டங்களைப் பரப்புவதும் நகராட்சிக்கு நீங்காத தலைவலியாயின.

1932-இல் அங்காடி வணிகரைப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. போருக்குப் பின்னர் வேலையின்மை மிகுந்தபோது தெரு வணிகமே பலருக்குப் புகலிடமாயிற்று. 1950-ஆம் ஆண்டில் மற்றொரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் சில்காக் அதற்குத் தலைமை தாங்கினார். தெருவில் விற்பவர் வெறும் இடையூறு விளைவிப்போரா, மலிவான உணவளித்து நகரத்தைத் தாங்கும் தொழிலாளரா என்னும் வினா அப்போது முனைப்புப் பெற்றது. அவர்களை அடியோடு விரட்டுவதினும் உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துவதே தக்கது என்னும் கருத்து நாளடைவில் வலுப்பெற்றது.

தெருவிலிருந்து கூரைக்கு

விடுதலை பெற்ற சிங்கப்பூர் இச்சிக்கலை உறுதியோடு அணுகியது. சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் நடந்த பதிவில் ஏறத்தாழ 18,000 தெரு வணிகர் பதிவு செய்யப்பட்டனர். 1971-இல் தொடங்கி உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. 1972-இல் சுற்றுப்புற அமைச்சு உருவாயிற்று. உணவு விற்பனைச் சட்டம் 1973-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டளவில் தெரு வணிகர் அனைவரும் குழாய் நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட இடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

சிராங்கூன் சாலையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1915-இல் எழுந்த பழைய சந்தைக்கு எதிர்ப்புறத்தில் 1982-இல் புதிய நிலையம் திறக்கப்பட்டது. ‘சூச்சியாவ் நிலையம்’ எனச் சீன ஒலிப்பில் பெயரிடப்பட்ட அது, 2000-ஆம் ஆண்டில் மக்கள் நாவிற் பழகிய ‘தேக்கா’ என்னும் பெயரையே மீண்டும் பெற்றது.

நோய் குறைந்ததும் தெருக்கள் தூய்மையுற்றதும் இவ்வேற்பாட்டின் நற்பயன்கள். அவற்றை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அதன் மற்றொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. உணவு ஆயத்தமாகும் இடம் வீட்டிலிருந்து கடைக்கு மாறியது. உரிமம் கடையில் நிற்பவர் பெயரில் எழுதப்பட்டது. வீட்டிலிருந்து மாவிடித்தும் பலகாரம் சுட்டும் குடும்ப வருவாயைப் பெருக்கிய பெண்ணின் உழைப்புக்கு அந்த ஏட்டில் இடமில்லை. கைக்குழந்தையோடும் முதியவரோடும் வீட்டிலிருந்தவர் நாள் முழுதும் கடையில் நிற்பது எளிதன்று. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் அவ்வுழைப்பு பண்டிகைப் பலகாரத்தளவில் சுருங்கியது.

மீண்டும் வீட்டின் வாயிலில்

அவ்வாறு சுருங்கிய உழைப்பு முற்றும் மறைந்துவிடவில்லை. தீபாவளி நெருங்குங்கால் வீவக அடுக்குமாடிகளின் நடைவழிகளில் முறுக்கின் மணம் கமழும். அச்சு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றோடு சிங்கப்பூருக்கே உரிய முறையில் நெய் பிஸ்கட்டும் ரவைக் கேக்கும் அன்னாசி டார்ட்டும் தட்டில் இடம்பெறும். எண்ணெய்ச் சட்டியோடு நின்ற தமிழ் அடுப்பங்கரை, அண்டை வீட்டாரிடம் கற்ற பக்குவங்களால் வெதுப்படுப்பையும் ஏற்றுக்கொண்டது. முதலில் உறவினருக்காகச் சுட்டவர், பின்னர் அண்டை அயலார் கேட்டுக்கொள்ளவே கைக்கூலியோடு செய்து தரத் தொடங்குவதும் இயல்பு. பகிர்வு விற்பனையாக மாறும் கணம் இதுவே.

இக்கணத்தைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? சிங்கப்பூரில் வீட்டிலிருந்தபடியே சிறு அளவில் உணவு செய்து விற்போர் தனி உரிமம் பெறத் தேவையில்லை. ஆனால் தூய்மைக்கும் உணவின் பாதுகாப்புக்கும் அவர்களே பொறுப்பாவர். வீட்டில் குடியிருப்போரே இத்தொழிலில் ஈடுபடலாம். வெளியாரை வேலைக்கு அமர்த்த இயலாது. வாயிலில் விளம்பரப் பலகை கூடாது. பெரிய தொழிற்கருவிகளும் அண்டை வீட்டாருக்கு இடையூறும் ஆகா. வீட்டில் செய்ததைக் கடைகளுக்கு விற்பனைக்கு வழங்கவோ பெருவிருந்துகளுக்கு ஒப்பந்தம் எடுக்கவோ இசைவில்லை. 2019 ஏப்ரல் 1-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் உணவு அமைப்பு இத்தகையோருக்கு வழிகாட்டி நெறிகளை வழங்குகிறது.

பிற நாடுகள் வேறு வழிகளை நாடின. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-இல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலையும் பதிவுக்கு உட்படுத்தின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றி, எளிதிற் கெடாத பண்டங்களைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் வீட்டில் செய்து விற்க வழி வகுத்தது. ஒரு நாடு ஆளைப் பதிவு செய்தது. ஒரு மாநிலம் பண்டத்தைப் பிரித்தது. சிங்கப்பூர் தொழிலின் அளவுக்கு எல்லை கட்டியது.

இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. சமைப்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்வரை அறிமுகமே பிணையாக நிற்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை உண்ணப்போகிறது என்னும் எண்ணமே பழைய எண்ணெயைக் கொட்டச் செய்யும். அறிமுகமில்லாதவர் உண்ணத் தொடங்கும்போது அப்பிணை தளர்கிறது. அவ்விடத்தில் சட்டம் பிணையாக வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இரு நிகழ்ச்சிகள்

இவ்வுண்மையின் இரு பக்கங்களையும் அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு உணர்த்தும்.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரொஜாக் உண்டவர்களில் 154 பேர் நோயுற்றனர். பெண்கள் இருவர் உயிரிழந்தனர். கடலுணவிற் காணப்படும் ஒருவகை நுண்ணுயிரே அதற்குக் காரணம். சமைக்காத கடற்பொருளிலிருந்து சமைத்த பண்டத்துக்கு அது தொற்றியிருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. உரிமம் பெற்ற இடத்திலேயே இத்துயரம் நேர்ந்தது. பச்சைப் பண்டத்தையும் வெந்ததையும் வெவ்வேறாக வைத்தல், கையையும் கத்தியையும் பலகையையும் கழுவுதல் ஆகிய சிறு பழக்கங்களில் மனித உயிர் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. வீட்டுச் சமையலுக்கும் இது பொருந்தும். கைப்பக்குவம் சுவையைத் தரும். நுண்ணுயிரை அது தடுக்காது.

மற்றொன்று 2020-இல் நிகழ்ந்தது. கொவிட்-19 தொற்றைத் தடுக்கும் பொருட்டு ஏப்ரல் 7 முதல் கடுமையான முறியடிப்பு நடவடிக்கைகள் நடப்புக்கு வந்தன. அக்காலத்தில் வீட்டிலிருந்து உணவு விற்பதும் நிறுத்தப்பட்டது. அது ரமலான் மாதத்தை ஒட்டிய நேரம். நோன்புப் பெருநாளுக்காகப் பலகாரம் செய்து விற்கும் குடும்பங்களுக்கு ஆண்டின் முதன்மையான வருவாய்க் காலம் அதுவே. அவர்களுடைய இடர் பொதுவெளியில் பேசப்பட்டது. மே 12 முதல் வீட்டு உணவு வணிகத்துக்கு மீண்டும் இசைவு வழங்கப்பட்டது. ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என எண்ணப்பட்ட அடுப்பங்கரைத் தொழில் எத்தனையோ குடும்பங்களின் வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் துணை நின்றது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 16-இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பகிர்வின் அறம்

விற்பனையைப் போன்றே பகிர்வும் சட்டத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. 1855-இல் தோன்றிய ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் முதலிய சிராங்கூன் சாலைக் கோயில்களில் அன்னதானம் நெடுநாளைய வழக்கம். பல்லின மக்கள் வாழும் அடுக்குமாடிகளில் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பலகாரத் தட்டுகள் வாயில் விட்டு வாயில் சென்று மீளும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்னும் நாகரிகம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது.

ஆயினும் முகமறியாதவருக்கு உணவைக் கொடையாக வழங்குவோர் பெருகியபோது, அவ்வுணவால் தீங்கு நேரின் பழி யாரைச் சாரும் என்னும் அச்சமும் எழுந்தது. 2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவு நன்கொடைச் சட்டம் அதற்கு விடை கண்டது. கொடுக்கும் வேளையில் உணவு கெடாதிருத்தல், பாதுகாக்கும் முறையையும் உண்ணவேண்டிய கால வரம்பையும் பெறுவோருக்கு அறிவித்தல் முதலிய நெறிகளைப் பேணிய கொடையாளர்க்கு அது காப்பளிக்கிறது. 2025 சனவரியில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிதறிக் கிடந்த விதிகளை ஒருங்கு சேர்த்துப் படிப்படியாக நடைமுறைப்படுத்த வழி செய்தது.

கூவியர் காலத்து அங்காடியிலிருந்து தேக்கா நிலையம்வரை நீளும் இவ்வரலாற்றில் சட்டத்தின் பக்கம் ஆவணங்களாக நிறைந்துள்ளது. குழுக்களின் அறிக்கைகளும் பதிவேடுகளும் அதற்குச் சான்று. அடுப்பங்கரையின் பக்கமோ பெரிதும் எழுதப்படாமலே கிடக்கிறது. விடியுமுன் இடியப்பம் பிழிந்த கை எது, எந்த உரலில் மாவிடிக்கப்பட்டது, அந்த வருவாயில் எந்தப் பிள்ளை படித்தது என்பவற்றை எந்த உரிமச் சீட்டும் கூறாது. அவற்றை அறிந்த மூதாட்டியர் இன்னும் பல வீடுகளில் வாழ்கின்றனர். மாணவர் தத்தம் வீட்டுப் பாட்டியரிடம் கேட்டு எழுதி வைக்கும் சில பக்கங்கள், அறிக்கைகள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பும். காலம் கடந்தபின் கேட்பதற்கு ஆள் இராது.