போட் மெயிலும் குருவியும்: பயணத்தில் அமானிதம்



கும்பகோணம் வழியாக ராமேசுவரம் செல்லும் இரவு வண்டியை மக்கள் இன்றும் 'போட் மெயில்' என்றே அழைக்கின்றனர். கடல் கடந்த வணிகத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே பயணச்சீட்டில் செல்ல முடிந்தது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால், சில மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். தமிழகத்து முஸ்லிம் வணிகர்கள் புறக்கோட்டைக் கடைவீதிக்குச் சென்று, கணக்கு முடித்து, ஊர் திரும்ப இவ்வழி பெரிதும் உதவியது. இலங்கைக் குடிமதிப்பு அவர்களை 'இந்தியச் சோனகர்' எனத் தனியே பதிவுசெய்தது.

1948-இல் இலங்கை குடிவரவுச் சட்டம் இயற்றியது. அதன்பின் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களில் உள்நாட்டுப் போரால் நின்றது.

வணிகப் பயணம் நமக்குப் புதிதன்று. குறைஷியர் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் சென்றுவந்ததை அல்லாஹ் தன் திருமறையில் நினைவூட்டுகிறான். நம் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாமுக்குக் கொண்டுசென்று விற்று, கணக்கை நேர்மையாக ஒப்படைத்தார்கள். பிறர் பொருளைச் சுமந்து எல்லை கடப்பது இழிவன்று, அது அமானிதம்.

ஆனால் இன்று 'குருவி' என்னும் பெயரில் நடப்பது என்ன? கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ இரண்டு நாள் பயணம். திரும்பும்போது பிறர் கொடுத்த தங்கத்தை மறைத்துக் கொண்டுவர வேண்டும். "டிக்கெட்டும் கூலியும் தருகிறார்கள் ஹஜ்ரத், இதில் என்ன தவறு?" என்று நம்மிடம் ஓதிய பிள்ளைகளே கேட்கின்றனர்.

வேறுபாடு இதுதான். அமானிதம் சுமப்பவர் சரக்கைத் திறந்து காட்டத் தயங்கார். குருவியோ சுங்க அதிகாரியைக் கண்டதும் நடுங்குகிறார். பிடிபட்டால் சிறை செல்வது சுமந்தவரே. கொடுத்தவர் பெரும்பாலும் வெளியே வருவதேயில்லை. விசா பெற்று நுழைவது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை.

பெற்றோர்களே! பிள்ளை வெளிநாடு புறப்படும்போது, "எப்போது வருவாய்?" என்பதோடு, "பையில் இருப்பது யாருடையது?" என்றும் கேளுங்கள். பசிக்கு உணவும் அச்சத்திலிருந்து பாதுகாப்பும் அளிக்கும் இறைவன், நம் பயணங்களை ஹலாலான பயணங்களாக ஆக்குவானாக! ஆமீன்.